மெல்ல ஆட்டினால் தெரியும்

என் மாமியார் ஒரு துப்பறிவாளர். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது. பேச்சுவாக்கில் பிறகு சொன்னால், நான் ஏதோ வீட்டுச் சண்டையைப் பற்றிப் புலம்புகிறேன் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம்களைப் பிடிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் என்னைத்தான் துப்பறிவார் என்று பயந்து, என் மனைவி அம்மாவின் பெயரில் வாசலில் ஒரு போர்டு மாட்டிவிட்டாள். உதவியாளர் பதவி தானாக என் தலையில் வந்து விழுந்தது. ஸ்கூட்டர் ஓட்டுவது, குடை பிடிப்பது, எடக்குமடக்காகப் பேசி வாங்கிக் கட்டிக்கொள்வது எல்லாம் என் பொறுப்பு. மரியாதைக்கு மட்டும் குறைவே இல்லை. "மாப்பிள்ளை, கொஞ்சம் அந்தச் சாக்கடைக்குள்ள இறங்கிப் பாருங்களேன்" என்று ரொம்ப மரியாதையாகத்தான் இறக்கிவிடுவார்.

அன்றைய வழக்கு ரப்பர் சம்பந்தப்பட்டது.

"ரப்பர்ல என்ன அத்தை மர்மம் இருக்கப்போகுது? இழுத்தா நீளும், விட்டா சுருங்கும்" என்றேன், அந்தச் சோதனைக்கூடத்தின் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தியபடி.

"உங்க பேச்சும் அப்படித்தான் மாப்பிள்ளை. என்ன, விட்டா சுருங்க மாட்டேங்குது."

வாசலில் எங்களுக்காகக் காத்திருந்தவர் ஒரு ரப்பர் பட்டறையின் முதலாளியம்மா. வெளுத்த புடவை, நகங்களின் ஓரத்தில் எவ்வளவு தேய்த்தாலும் போகாத கறுப்பு. எங்களைப் பார்த்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"நீங்க கண்டுபிடிச்சாலும் சரி, கண்டுபிடிக்காட்டியும் சரி, இன்னைக்குச் சாயங்காலம் நான் போலீஸ் ஸ்டேஷன் படியேறத்தான் போறேன்" என்றார்.

"யார்மேல புகார்?" என்று கேட்டார் அத்தை.

"என் தம்பிமேல."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே அதற்காகத் தன்மேலேயே கோபப்பட்டு, முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். முதலாளியம்மா ஒரு புது ரப்பர் செய்திருந்தார். பச்சைக் குழந்தைகளை ஆம்புலன்ஸில் வைத்துக் கொண்டுபோகும் பெட்டிக்கு அடியில் வைப்பதற்கு. வண்டி மேடு பள்ளத்தில் ஆடினால், அந்த ஆட்டத்தைக் குழந்தைவரை போகவிடாமல் இந்த ரப்பர் தானே விழுங்கிக்கொள்ள வேண்டும். தடித்த காசு மாதிரி ஒரு கறுப்புத் துண்டை வெட்டி, உறையில் போட்டுச் சோதனைக்கு அனுப்பினார். ஒரே துண்டை இரண்டு தடவை சோதிப்பது இந்த லேபின் சட்டம். முதல் சோதனையில் துண்டு பிரமாதமாகத் தேறியது. மறு சோதனையில் மண்ணைக் கவ்வியது. அது என் துண்டே இல்லை, யாரோ மாற்றிவிட்டார்கள் என்பது அம்மாவின் கட்சி. இரண்டு சோதனைக்கும் நடுவில் அந்த அறைக்குள் வந்துபோன வெளியாள் ஒருவர்தான். அவருடைய தம்பி.

"எங்கூடத்தான் பட்டறையில இருந்தான். இந்த ரப்பரையே ரெண்டு பேரும் சேர்ந்துதான் ஆரம்பிச்சோம். நடுவுல ஒரு வாய்ச்சண்டை. கோவிச்சுக்கிட்டுப் போட்டிக் கம்பெனியில போய்ச் சேர்ந்துட்டான். இப்ப அவனுக்கு இங்க என்ன வேலை?"

"அவரையே கேட்டீங்களா?"

"போன் போட்டு நேராக் கேட்டேன். 'என் துண்டை நீ மாத்தினியா'ன்னு. உடனே பதில் வரல மேடம். லைன் கட்டாயிடுச்சோன்னு போனை எடுத்துப் பார்த்தேன். அப்புறம்தான் மெதுவா 'இல்லக்கா'ன்னான். மாத்தாதவன் எதுக்கு யோசிக்கணும்? அதுலயே தெரிஞ்சுபோச்சு."

அத்தை என் பக்கம் திரும்பினார். "மாப்பிள்ளை, டப்பாவுல இருந்த என் பிஸ்கட்டை யார் சாப்பிட்டது?"

"நான் இல்ல அத்தை."

"பார்த்தீங்களாம்மா? சட்டுனு பதில் வந்துச்சு. இவர்தான் சாப்பிட்டிருக்கார்."

நான் வாயைத் துடைத்துக்கொண்டேன். முதலாளியம்மாவுக்கு அழுகைக்கு நடுவில் லேசாகச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. அதை உடனே உள்ளே தள்ளிவிட்டார். "அவன் என்னை ஏமாத்தினதைக்கூடத் தாங்கிக்குவேன் மேடம். ஆனா குழந்தைங்க படுக்கப்போற பெட்டி. அதுல போய்க் கை வச்சானேன்னுதான் ஆறல" என்றார்.

உள்ளே டைரக்டர் எங்களைப் பூனை நடையில் வரவேற்றார். உயரமான மனிதர், குரல் மட்டும் தரையோடு தரையாக இருந்தது.

"மெதுவா நடங்க. மெதுவாப் பேசுங்க. இங்க ஒரு மிஷின் வேலை செய்யுது. நீங்க அதிர்ந்து நடந்தா அதையும் சேர்த்து அளந்துடும்."

"தும்மினா?" என்று கேட்டேன், சும்மா ஒரு இதுக்கு.

டைரக்டரின் முகம் மாறியது. "தும்மறதுக்கு வெளிய போயிடணும். அது ரூல்."

அப்படி ஒரு சட்டம் ஏன் வந்தது என்பது அறைக்குள் போனதும் புரிந்தது. மிஷினை இயக்கும் ஆபரேட்டர் குண்டாக, சிவந்த மூக்கோடு, கையில் கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்தார். பிறவியிலேயே தும்மலுக்கென்று செய்யப்பட்ட மூக்கு.

"இவரோட தம்பி வந்தப்ப நீங்க இங்கதானே இருந்தீங்க?" என்றார் அத்தை.

"இருந்தேன் மேடம். 'சும்மா பார்க்க வந்தேன்'னார். அவர் போட்டிக் கம்பெனி ஆள்னு எனக்குத் தெரியாது. நடுவுல எனக்குத் தும்மல் வந்துடுச்சு. வெளிய போயிட்டு வந்தேன். திரும்பி வந்தப்ப மேஜைகிட்டயே நின்னுக்கிட்டிருந்தார்."

"அப்ப தனியாத்தான் இருந்திருக்கான்" என்றார் முதலாளியம்மா. குரல் உடைந்தது. எனக்கே அந்தத் தம்பியின்மேல் நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது. துண்டு உறையில் இருக்கிறது, மேஜைமேல் இருக்கிறது, ஆள் தனியாக இருக்கிறார். இதற்குமேல் என்ன வேண்டும்?

அத்தைக்கு இன்னும் வேண்டியிருந்தது. "அந்த மிஷினைக் கொஞ்சம் எனக்குக் காட்டுங்களேன். எனக்கு மிக்ஸியைத் தாண்டி ஒண்ணும் தெரியாது" என்றார். பொய். வீட்டில் மிக்ஸியைப் பழுது பார்ப்பவரே அவர்தான்.

தையல் மிஷின் அளவுக்கு ஒரு மிஷின். அதற்குக் கீழே ஒரு பெரிய கல் மேடை. ஆபரேட்டர் உறையைப் பிரித்து, மறு சோதனையில் தோற்ற அந்தத் துண்டை இடுக்கியால் எடுத்தார். முதலாளியம்மா கையை நீட்டினார். டைரக்டர் குறுக்கே வந்து நின்றார்.

"கை படக்கூடாதும்மா. கையில எண்ணெய்ப் பசை இருக்கும். எத்தனை தடவை சொல்றது?"

"செஞ்சவ நானு. நான் தொடக்கூடாதாம்" என்றார் அம்மா, என்னிடம்.

இரண்டு உலோகத் தட்டுகளுக்கு நடுவில் துண்டு உட்கார்ந்தது. ஆபரேட்டர் விளக்கினார். "கீழ்த்தட்டு ரொம்ப மெதுவா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். அந்த ஆட்டம் துண்டு வழியா மேல்தட்டுக்கு எப்ப வந்து சேருதுன்னு மிஷின் பார்க்கும். ஸ்பிரிங் மாதிரி சாமானா இருந்தா, தள்ளின உடனே பதில் வந்துடும். தேன் மாதிரி இருந்தா ரொம்பத் தாமதமா வரும். ரப்பர், பிளாஸ்டிக் எல்லாம் ரெண்டுக்கும் நடுவுல. பதில் தாமதமானா, துண்டு ஆட்டத்தை உள்ள வாங்கிக்குதுன்னு அர்த்தம். குழந்தைப் பெட்டிக்கு அதுதான் வேணும்."

"வேகமா ஆட்டினா சீக்கிரம் வேலை முடியுமே?" என்றேன்.

"வேகமா ஆட்டினா நிறைய ரப்பர் ஒரே மாதிரிதான் நடந்துக்கும் சார். மெல்ல ஆட்டினாத்தான் அததோட குணம் வெளிய வரும்."

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்த வரியை என் கல்யாணத்துக்கு முன்னாலேயே கேட்டிருக்கலாம் என்று நினைத்திருப்பார்.

"சரி, இந்த மிஷின் சொல்றது உண்மைன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

டைரக்டர் நிமிர்ந்தார். இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர்போல இருந்தது. "தினமும் காலையில முதல் வேலையா மாப்பிள்ளையை உள்ள வச்சுப் பார்த்துடுவோம்."

"என்னையா?" என்று பதறினேன்.

"உங்களை இல்ல சார்." அலமாரியைத் திறந்து ஒரு சின்ன மரப்பெட்டியைக் காட்டினார். உள்ளே நீல வெல்வெட். அதன் நடுவில், தடித்த காசு மாதிரி, ஒரு கறுப்புத் துண்டு. "இவர்தான் மாப்பிள்ளை. நாங்க வச்ச செல்லப் பேரு. இவர் எவ்வளவு தாமதமாப் பதில் சொல்லுவார்னு எங்களுக்கு முன்னாடியே தெரியும். அதே அளவு வந்தா மிஷின் சரியா இருக்கு. வராட்டி மிஷின்ல கோளாறு. உடனே மிஷினைத் திருகிச் சரிபண்ணிடுவோம். இவரை மட்டும் சந்தேகப்படறதே கிடையாது."

கொடுத்து வைத்த மாப்பிள்ளை. வெல்வெட் என்ன, தனிப் பெட்டி என்ன. என் வீட்டில் எனக்கு ஒரு அலமாரித் தட்டுகூட முழுசாகக் கிடையாது. அதிலும் பாதியில் அத்தையின் பூதக்கண்ணாடிகள்.

ஆபரேட்டர் மிஷினை ஓட்டினார். திரையில் இரண்டு அலைகள் நகர ஆரம்பித்தன. பச்சை அலை, கீழ்த்தட்டின் தள்ளல். சிவப்பு அலை, அதற்குத் துண்டு சொல்லும் பதில். இரண்டும் ஏறக்குறைய ஒட்டிக்கொண்டே போயின.

"பார்த்தீங்களா? தாமதம் பூஜ்யம். இது சாதாரண ரப்பர்" என்றார் டைரக்டர். "முதல் சோதனையில சிவப்பு எவ்வளவோ பின்னால வந்துச்சு. அது வேற துண்டு, இது வேற துண்டு. அம்மா சொல்றது நியாயம்தான். திருடினவனைத்தான் நீங்க பிடிக்கணும்."

அத்தை மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குக் கிட்டே போனார். மூக்கு திரையில் இடித்தது.

"இன்னும் மெதுவா ஆட்ட முடியுமா?"

"முடியும் மேடம். ஆனா எதுக்கு?"

"எனக்கு வயசாயிடுச்சு. மெதுவாப் போனாத்தான் தெரியுது."

ஆபரேட்டர் வேகத்தைக் குறைத்தார். பச்சை அலை சோம்பேறித்தனமாகக் கிளம்பி, ஆற அமர ஏறி, யோசித்து யோசித்து இறங்கியது. நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"மாப்பிள்ளை, உங்க கண்ணு நல்ல கண்ணு. எது முன்னாடி போகுது?"

பார்த்தேன். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் பார்த்தேன். "சிவப்பு அத்தை."

"சிவப்புன்னா?"

"பதில்." எனக்கே சொல்லக் கூச்சமாக இருந்தது. "தள்ளறதுக்கு முன்னாடியே பதில் வருது."

ஆபரேட்டரும் திரையை எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்.

"அது ஒரு சின்னப் பிசகு" என்றார் டைரக்டர் அவசரமாக. "மைனஸ்லதான் வந்துச்சு. ஆனா மைனஸ் வர வாய்ப்பே இல்லையே. அதனால பூஜ்யம்னு போட்டோம்."

"கேள்வி கேக்கறதுக்கு முன்னாடியே பதில் சொல்ற ரப்பரை வச்சுக்கிட்டு, நீங்க பூஜ்யம்னு போட்டீங்க" என்றார் அத்தை. பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்தால் பழைய ஆபீஸ் கதை வரும். வந்தது.

"எங்க கம்பெனிக்கு ஒருத்தர் கடை எரிஞ்சுபோச்சுன்னு கிளெய்ம் போட்டார். கடை எரிஞ்சதுக்கு முதல் நாளே கிளெய்ம் வந்து சேர்ந்த மாதிரி எங்க முத்திரை விழுந்திருந்துச்சு. ஆள் அகப்பட்டான்னு எல்லாரும் குதிச்சாங்க. நான் மட்டும் அந்த முத்திரைக் கட்டையைக் கொண்டாங்கன்னேன். தேதியைத் திருப்ப யாரோ மறந்திருக்காங்க. அவர் நல்ல மனுஷன். நாங்கதான் அவரைத் திருடனாக்கப் பார்த்தோம்." கண்ணாடியைக் கழற்றினார். "சாட்சி முந்திக்கிட்டுப் பேசினா, நான் சாட்சியைச் சந்தேகப்பட மாட்டேன். கடிகாரத்தைத்தான் சந்தேகப்படுவேன். இந்த மிஷினோட கடிகாரத்தைத் திருப்பறது யாரு?"

"யாரும் இஷ்டத்துக்குத் திருப்ப மாட்டோம்" என்றார் டைரக்டர். "மாப்பிள்ளை சொன்னாத்தான் திருப்புவோம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மரப்பெட்டியைக் கை காட்டினேன்.

"சமீபத்துல திருப்பினீங்களா?"

டைரக்டர் கொஞ்சம் நெளிந்தார். "முதல் சோதனைக்கு மறுநாள் காலையில. அன்னைக்கு மாப்பிள்ளை ஒரு மாதிரி இருந்தார். ரொம்பத் தாமதமாப் பதில் சொன்னார். மிஷின் கெட்டுப்போச்சுன்னு நிறையவே திருக வேண்டியதாப் போச்சு. அதுல இருந்து தினமும் சரியாத்தான் இருக்கார்."

"அந்த மாப்பிள்ளையைக் கொஞ்சம் கையில குடுங்க."

"முடியவே முடியாது மேடம். டைரக்டரான நானே கையுறை போட்டுக்கிட்டுத்தான் தொடுவேன்."

அத்தை வற்புறுத்தவில்லை. தன் கண்ணாடியை ஊதிப் பார்த்துவிட்டு, "துடைக்க ஏதாவது இருக்கா?" என்று ஆபரேட்டரைக் கேட்டார்.

"துண்டுங்களைத் துடைக்கற ஸ்பிரிட் இருக்கு மேடம். சாயங்காலம் வேலை முடிஞ்சதும் அதுலதான் துடைச்சு வைப்போம்." தட்டிலிருந்த துணியையும் பாட்டிலையும் எடுத்தார்.

"மாப்பிள்ளை, மாத்திரை போட்டீங்களா?" என்றார் அத்தை.

நான் மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் அதற்கு அர்த்தம், "நான் கவனத்தைத் திருப்பறேன், நீங்க எடுங்க" என்பது. நான் மிஷின் பக்கம் நகர்ந்தேன்.

ஆபரேட்டர் பாட்டிலின் மூடியைத் திறந்தார். வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், மனிதர் தும்மினார் பாருங்கள். அப்படி ஒரு தும்மலை நான் கேட்டதில்லை. கைக்குட்டை பறந்தது. டைரக்டர் "மிஷின், மிஷின்" என்று திரையைக் கட்டிப் பிடித்தார். அந்த இடைவெளியில் நான் தட்டுகளைத் தளர்த்தித் தோற்ற துண்டை உருவி இடது கையிலும், வெல்வெட்டிலிருந்து மாப்பிள்ளையை வலது கையிலும் எடுத்துவிட்டேன். சபாஷ் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மெச்சி முடிப்பதற்குள் இரண்டாவது தும்மல்.

என் காதோரத்தில் விழுந்தது. நான் துள்ள, கையிலிருந்த இரண்டும் துள்ளின. தரையில் ஒன்று, சுவரில் ஒன்று, மறுபடி தரையில் இரண்டும். தவளைகள்போல் தாவி, ஒன்றன்பின் ஒன்றாக அலமாரிக்கு அடியில் புகுந்துகொண்டன.

"ஐயோ மாப்பிள்ளை" என்றார் டைரக்டர். இந்தத் தடவை என்னைச் சொன்னாரா, அதைச் சொன்னாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நான் குப்புறப் படுத்து, கையை விட்டுத் துழாவி, தலையெல்லாம் ஒட்டடையோடு இரண்டையும் வெளியே கொண்டுவந்தேன். உள்ளங்கையில் இரண்டு கறுப்புத் துண்டுகள். அதே அகலம், அதே தடிமன், அதே பளபளப்பு.

"இதுல எது எது?" என்றார் டைரக்டர்.

நான் இரண்டையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். "தெரியல சார்."

திட்டு விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. அத்தை என்னைப் பார்க்கவே இல்லை. ஆபரேட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தினமும் சாயங்காலம் இந்த ஸ்பிரிட்லதான் துடைப்பீங்க, இல்ல? அப்ப மிஷின் ஓடாது. அதனால வெளிய போய்த் தும்ம வேண்டியதில்ல." குரலைத் தணித்துக்கொண்டார். "முதல் சோதனை முடிஞ்ச அன்னைக்குச் சாயங்காலம் இந்த ரெண்டும் ஒரே துணியிலதான் இருந்துச்சா?"

ஆபரேட்டரின் சிவந்த மூக்கு வெளுத்துவிட்டது.

"ஒரே துணியிலதான் மேடம். தும்மினேன். தட்டு கவுந்துடுச்சு. ரெண்டும் கீழ விழுந்துச்சு. எடுத்து, ஒண்ணைப் பெட்டியிலயும் ஒண்ணை உறையிலயும் போட்டேன். சரியாத்தான் போட்டேன்னு நினைச்சேன். சத்தியமா நினைச்சேன்."

"அப்படின்னா..." என்று தொடங்கிய டைரக்டர் பாதியில் நிறுத்திவிட்டார்.

"இருங்க அத்தை" என்றேன், துப்பறிவாளனின் கண்டிப்போடு. "ரெண்டும் ஒரே மாதிரிதான் துள்ளிச்சு. நானே பார்த்தேன். ஒண்ணு ஆட்டத்தை விழுங்கற ரப்பர்னா அது துள்ளியிருக்கக் கூடாதே? ரெண்டுமே சாதாரண ரப்பர்தான்."

அத்தையின் முகம் விழுந்தது. அவரும் அதைப் பார்த்திருந்தார். முதல் முறையாக என் வாயை அவரால் அடைக்க முடியவில்லை. எனக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அந்த அம்மா தம்பியைப் போலீஸில் கொடுக்கக் கூடாது என்று என் மனசு அடித்துக்கொண்டிருந்தது.

"என் துண்டும் துள்ளும்" என்றார் முதலாளியம்மா.

எல்லோரும் திரும்பினோம்.

"வேகமா விழுந்தா அதுவும் துள்ளத்தான் செய்யும். உள்ள வாங்கிக்க அதுக்கு நேரம் வேணும்ல. மெதுவா அழுத்தணும். இப்படிக் குடுங்க." இந்தத் தடவை டைரக்டர் குறுக்கே வரவில்லை. அம்மா என் உள்ளங்கையிலிருந்து ஒரு துண்டை எடுத்து, கட்டைவிரலால் நிதானமாக அழுத்தி விட்டார். அழுத்தியதும் தெரியவில்லை, விட்டதும் தெரியவில்லை. துண்டு அப்படியே இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். அழுத்தினார். விட்டார்.

கட்டைவிரல் பள்ளம் அப்படியே நின்றது. பிறகு, தூக்கத்திலிருந்து எழுப்பிய ஆள் மாதிரி, மெல்ல மெல்ல மேலே வந்தது.

"இதுதான்" என்றார். துண்டை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். "இது என்னோடது. இதை எங்க இருந்தாலும் எனக்குத் தெரியும்."

"ஆனா எது பெட்டியில இருந்துச்சு, எது உறையில இருந்துச்சு? இவர்தான் ரெண்டையும் கலந்துட்டாரே" என்றார் டைரக்டர் பரிதாபமாக.

"கலந்தா என்ன?" அத்தையின் முகம் மறுபடியும் பூத்துவிட்டது. "ரெண்டும் இந்த அறைக்குள்ளதானே இருந்துச்சு? உறையில இருந்தது உங்க சோதனையில தோத்துச்சு. அப்ப தோக்காத இந்தத் துண்டு எங்க இருந்திருக்கும்? வெல்வெட்ல. எதுவும் களவு போகல சார். இவங்க துண்டு மாப்பிள்ளை வேஷம் போட்டுக்கிட்டுப் பெட்டியில சொகுசா உட்கார்ந்திருந்துச்சு. மறுநாள் காலையில நீங்க அதோட தாமதத்தைக் குறைக்கறதுக்காக மிஷினைத் திருகிக் கெடுத்துட்டீங்க. நிஜ மாப்பிள்ளை உறையில கிடந்தார். அவரை அந்தக் கெட்ட மிஷின்ல வச்சா, பாவம், தள்ளறதுக்கு முன்னாடியே பதில் சொல்லாம என்ன செய்வார்?"

டைரக்டர் பேயறைந்ததுபோல் நின்றார். "அப்ப இந்த வாரம் நாங்க சோதிச்ச மத்த எல்லாத்தையும்..."

"மறுபடியும் சோதிங்க. மெதுவா" என்றார் அத்தை.

பிறகு நடந்ததெல்லாம் கல்யாண வீட்டுப் பரபரப்புதான். நிஜ மாப்பிள்ளையைக் குளிப்பாட்டி உள்ளே உட்கார வைத்தார்கள். டைரக்டர் தன் கையாலேயே மிஷினைப் பழைய இடத்துக்குத் திருகினார். அடுத்து அம்மாவின் துண்டு ஏறியது. ஆபரேட்டர் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பட்டனைத் தட்டினார். பச்சை அலை கிளம்பியது. சிவப்பு அலை கிளம்பவில்லை. பச்சை பாதி மேடு ஏறிய பிறகுதான், அதற்கென்ன அவசரம் என்பதுபோல், சிவப்பு மெல்லப் பின்னால் வந்தது.

"முதல் சோதனையில வந்த அதே தாமதம்" என்றார் ஆபரேட்டர், மூக்கைப் பிடித்த குரலில். "தேறிடுச்சும்மா."

முதலாளியம்மா திரையைப் பார்க்கவில்லை. பையிலிருந்து போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் பேசுவேன் மேடம்? திருடன்னு சொல்லிட்டேனே. கூடப்பிறந்தவனை."

அத்தை அவர் பக்கத்தில் வந்து நின்றார். "'உடனே பதில் சொல்லல'ன்னு சொன்னீங்களே. நீங்க இடிச்ச இடி அப்படி. பதிலுக்குத் திருப்பி அடிக்காம உள்ள வாங்கிக்கிட்டார். அதுக்கு நேரம் ஆகும்தானே? போடுங்க போனை."

போட்டார். அவசரத்தில் ஸ்பீக்கரும் சேர்ந்து அழுந்திவிட்டது. மணி அடித்தது. எடுத்தார்கள். யாரும் 'ஹலோ' சொல்லவில்லை.

"தம்பி" என்றார் அம்மா. "துண்டை யாரும் எடுக்கலடா. இங்கயேதான் இருந்துச்சு. நான்தான் உன்னைத் தப்பா... என்னை மன்னிச்சுடு."

பதில் இல்லை. நான் பச்சை அலையையும் சிவப்பு அலையையும் நினைத்துக்கொண்டேன். டைரக்டர் மூச்சு விடவில்லை. ஆபரேட்டர் மூக்கை விடவில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நானே போனை எட்டிப் பார்த்தேன்.

"பாஸாயிடுச்சாக்கா?" என்றது அந்தக் குரல்.

அம்மாவால் பேச முடியவில்லை. இந்தத் தடவை தாமதம் அக்கா பக்கம்.

"அன்னைக்கு அதைக் கேக்கத்தான் அங்க வந்தேன். கேக்க வெட்கமா இருந்துச்சு. சும்மா நின்னு பார்த்துட்டு வந்துட்டேன்" என்றார் தம்பி. "அக்கா? இருக்கியா?"

"இருக்கேன்டா. பாஸாயிடுச்சுடா" என்று சொல்லிவிட்டு அம்மா வாய்விட்டு அழுதார். என் கண்ணும் கலங்கிவிட்டது. அத்தைக்கும்தான். ஆனால் அவர் அதை ஒப்புக்கொள்கிறவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றி, தூசி என்று முணுமுணுத்துக்கொண்டே ஸ்பிரிட் பாட்டிலை எடுத்துத் திறந்தார்.

"வேண்டாம்" என்று நானும் டைரக்டரும் சேர்ந்தே சொன்னோம். அதற்குள் அறை அதிர்ந்தது.

"யாருக்கா அங்க தும்மறது?" என்றார் தம்பி.

அம்மாவுக்கு அழுகைக்கு நடுவிலேயே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"அவர்தான்டா திருடன்" என்றார்.